மலை ஏற்றியவர்கள் – 6: பத்தாவது சங்கிலி

சென்ற வாரம் புத்தளத்தில் நிறுத்தியிருந்தேன். மலையாறுகள் அடித்து வந்து ஒதுக்கிய கறுவா மரங்கள் கரை நெடுகக் கிடக்கின்றன. மர மதிலும் மரக் கொத்தளங்களுமாக ஒரு சிறு பட்டினம். உள்ளே, முத்துக் குளிப்பிலிருந்து வந்து இறங்கிய முத்துகளை ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. எதிரே, மொரோக்கோவின் தாஞ்சியர் நகரத்தை விட்டுப் புறப்பட்டு 19 வருடங்களாகியும் வீடு திரும்பாத இப்னு பதூதா. ஆண்டு 1344.

முத்துகளை அள்ளிக் கொடுத்த அரசர், இன்னும் என்ன வேண்டும், கூசாமல் கேளும் என்றார். அந்த இடத்தில்தான் 'தொடரும்' போட்டேன்.

அவர் பொன் கேட்கவில்லை. பதவியும் கேட்கவில்லை. டில்லியிலும் மாலைதீவிலும் காதியாக இருந்து பார்த்தவர் அவர். பதவியின் ருசியும் கசப்பும் தெரியும். இந்தத் தீவில் கால் வைத்த நேரம் முதல் மனதில் இருப்பது ஒன்றே, ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்றார்.

அந்த மலையை அவர் கடலிலிருந்தே பார்த்துவிட்டார். மாலைதீவிலிருந்து ஒன்பது நாள் ஓடிய கப்பலின் மேல்தட்டில் நின்றபோது, வானத்தில் புகை எழுந்து நிற்பதாக முதலில் நினைத்தார். அது நம் மலை. கண்டிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் வாயில் அது பாவாத மலை; பாவா ஆதம் மலை. நமக்குச் சிவனொளிபாதம். சிங்களவருக்கு ஸ்ரீ பாத, சமனல கந்த. பெயர் எதுவானாலும் உயரம் 2,243 மீற்றர்.

அது சுலபமான காரியம், கூட ஆள் அனுப்புகிறேன் என்றார் அரசர். இருவரும் பேசிக்கொண்டது பாரசீக மொழியில். தமிழ் அரசர் ஒருவரும் ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையில் பிறந்த ஒருவரும், இருவருக்கும் தாய்மொழியல்லாத மொழியில், தென்னிலங்கை மலையொன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். புத்தளத்துக் கரையில் அந்தக் காலம் எவ்வளவு அகலமாக இருந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

இனி ஒரு கணக்கு. இந்தத் தொடர் முழுவதற்கும் அச்சாணி இந்தக் கணக்குத்தான். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய் வரும் யோகிகள் 4 பேர். பிராமணர் 3 பேர். அரசரின் சொந்தப் பரிவாரத்தில் 10 பேர். சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர். ஆக 32. பயணிக்கு ஒரு பல்லக்கு. அதைத் தூக்க அரசரின் அடிமைகள். அவர்கள் எத்தனை பேர் என்பதைப் பயணி எழுதவில்லை. எண்ணிச் சொல்லப்பட்ட 32 பேரிலும் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை.

கப்பல் மாலுமி இப்ராஹீம் மட்டும் பெயரோடு வருகிறார். நீர் திரும்பி வரும்வரை பாய் விரிக்க மாட்டேன், ஒரு வருடமானாலும் காத்திருப்பேன் என்று அவர் சொன்ன சொல்லும் ஏட்டில் நிற்கிறது. அதுவரை அவர் என் விருந்தாளி என்றார் அரசர்.

இன்றைக்கு ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவுக்குப் போகிறவர்களும் இதே அமைப்பில்தான் போகிறார்கள். உச்சி 5,895 மீற்றர். நடை ஐந்து நாளிலிருந்து எட்டு நாள். பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. சமையற்காரர் உண்டு, சுமைகாரர் உண்டு. ஒரு சுமைகாரர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டமும் உண்டு. 1889 ஒக்டோபரில் அந்த உச்சியை முதலில் தொட்டவர்களாக வரலாறு எழுதுவது ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்செல்லர் என்ற இருவரை. ஆனால் அவர்கள் உச்சிக்குப் போய் வரும்வரை பனிக்குளிரில் மேல்முகாமைக் காத்துக் கிடந்தவர் பங்கானி ஊரின் முவினி அமானி. மேயர் அவர் பெயரை எழுதி வைத்தார். அந்த ஒரு வரிக்காக நான் மேயரை மதிக்கிறேன். அவருக்கு ஐந்நூற்று நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நம் மலைக்கு ஏறிய கூட்டத்தில் ஒரு முவினி அமானி இல்லாமலா இருந்திருப்பார்?

•

முதல் நாள் ஆற்றங்கரை. மூங்கில் தெப்பத்தில் கடந்தார்கள். அடுத்து அரசரின் எல்லை ஊர். பயணியின் ஏட்டில் அதன் பெயர் மனார் மண்டலி. ஊரார் சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலும், காட்டில் பிடித்த எருமைக் கன்றுகளும் கொண்டுவந்து விருந்து வைத்தார்கள். அங்கே ஒரே ஒரு முஸ்லிம் இருந்தார். குராசான் நாட்டவர். நோய் வந்து வழியில் தங்கிப்போனவர். இந்தக் கூட்டத்தைக் கண்டதும் எழுந்து கூடவே புறப்பட்டுவிட்டார். மலை கூப்பிட்டால் நோயாளியும் எழுந்திருப்பான் என்பதை நல்லதண்ணிப் படிக்கட்டில் ஒரு மாசி மாத இரவு நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிலாபம் தாண்டியதும் யானைக்காடு. யானைகள் யாத்திரிகரைத் தொடுவதில்லை என்று வழித்துணைகள் தைரியம் சொன்னார்கள். அதற்கொரு கதையும் சொன்னார்கள். ஷீராஸ் நகரத்து ஞானி அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப், 982இல் காலமானவர், ஒருமுறை முப்பது பக்கீர்களோடு இந்தக் காட்டில் வழி தவறினார். பசி தாங்க முடியவில்லை. யானைக் குட்டி ஒன்றைக் கொன்று தின்ன நினைத்தார்கள் பக்கீர்கள். ஷெய்கு தடுத்தார்; கேட்கவில்லை. அன்றிரவு யானைகள் வந்தன. உறங்கிக் கிடந்த ஒவ்வொருவர் வாயையும் துதிக்கையால் முகர்ந்தன. மாமிச வாடை அடித்தவர் எவரும் காலையைக் காணவில்லை. தின்னாத ஷெய்கை மட்டும் ஒரு யானை துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு ஊர் இருக்கும் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. முஸ்லிம்களுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டவர் அவரே என்று ஏடு சொல்கிறது.

நம் மலையின் மிகப் பழைய வழிகாட்டிகளில் யானையும் ஒன்று என்று இதை எடுத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

•

இப்போது கூட்டம் நம் மண்ணுக்குள் வருகிறது. பயணி 'குனகார்' என்று எழுதும் தலைநகரம், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், ஒரு பெரிய நீர்நிலைக் கரையில் இருக்கிறது. அந்த நீரில் மாணிக்கம் எடுக்கிறார்கள். இது குருநாகல் என்று சொல்லும் ஆய்வாளர் உண்டு. கம்பளை என்று சொல்வோரும் உண்டு. குருநாகலுக்குச் சாட்சி ஏரி. யானைப் பாறையின் அடியில் இன்றும் இருக்கிறது. கம்பளைக்குச் சாட்சி அந்த ஆண்டு. 1344இல் சிங்கள அரசன் நான்காம் புவனேகபாகு. அவன் அரண்மனை கண்டிக்குத் தெற்கே 20 கிலோமீற்றர் அளவில், மகாவலிக் கரையில், கங்காசிரிபுரம் எனப்பட்ட கம்பளையில். அம்புலுவாவ மலை மேலிருந்து அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவன் நான். தலைநகரம் என்று ஒருவர் எழுதினால் அரசன் இருக்கும் ஊரைத்தான் எழுதியிருப்பார். என் ஓட்டு கம்பளைக்கு.

அந்த ஆண்டை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? கண்டியிலிருந்து கம்பளைப் பக்கம் போகும் வழியில், உடுநுவரையில் இலங்காதிலகம் என்ற விகாரை இருக்கிறது. பாறை மேல் தாமரை போல நிற்கும். பாறையின் மேனியில் இரண்டு மொழிகளில் கல்வெட்டு. ஒன்று சிங்களம். மற்றது தமிழ். சக ஆண்டு 1266 என்கிறது. கிறிஸ்து ஆண்டில் அதுவே 1344. அமைச்சர் சேனாலங்காதிகாரர் எடுப்பித்த கோயில். கட்டிய தலைமைச் சிற்பி ஸ்தபதி ராயர். பக்கத்தில், பிலிமத்தலாவைக்கு அருகே, கடலாதெனிய விகாரை. அதுவும் 1344. அங்கே கல்தச்சரின் தலைவர் கணேசுவராச்சாரி. இருவருமே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். கடலாதெனியவின் தூண்களையும் விமானத்தையும் பார்த்தால், தஞ்சைப் பக்கத்துக் கோயில் ஒன்று புத்தரைக் குடிவைத்துக்கொண்டு மலைநாட்டுக்கு இடம்பெயர்ந்து வந்ததுபோல இருக்கும்.

நான் சிறுவனாக அந்தப் பாறையில் குந்தியிருந்து தமிழ் எழுத்துகளை விரலால் தடவியிருக்கிறேன். எல்லாம் படிக்க வரவில்லை. ஆனால் இது நம் எழுத்து என்று விரலுக்குத் தெரிந்தது. உளிச் சத்தம் அந்தப் பள்ளத்தாக்கில் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான், தமிழ் அரசர் அனுப்பிய யோகிகளும் சுமைகாரரும் ஒரு மொரோக்கோக்காரரைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்குள் வந்தார்கள். வடக்கே ஒரு தமிழ் அரசர் வழிச்செலவு கொடுக்கிறார். மலைநாட்டில் ஒரு தமிழ்ச் சிற்பி சிங்கள அமைச்சருக்காகப் பாறையைக் கோயிலாக்குகிறார். நடுவில் பாரசீகம் பேசும் யாத்திரிகர். இந்த மூன்றும் ஒரே வருடத்துக்குள் அடங்கியதை நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதியிருந்தால், நான் வரலாற்றை இன்னும் பத்து வருடம் முன்னதாகவே நேசித்திருப்பேன்.

கம்பளையிலிருந்து மலைக்கு வழி அன்று புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு, மலைக்குப் போகும் யாத்திரிகருக்குச் சோறு போடக் கிராமங்களை மானியமாக விட்டதைச் சொல்லும் கல்வெட்டு அம்பகமுவையில் இருக்கிறது. தாழ்ந்த குலத்தார் என்று ஒதுக்கப்பட்டவர் நின்று வணங்குவதற்கு உச்சிக்குக் கீழே தனியாக ஒரு மேடை கட்டியதையும் அதே கல் சொல்கிறது. அந்த வரியைப் படித்த நாள் எனக்கு நெஞ்சு கனத்தது. சோறு சுமந்து ஏறியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கீழ் மேடையோடு மலை முடிந்துபோனதோ.

இருநூறு வருடம் கழித்து, இரண்டாம் பராக்கிரமபாகு காலத்தில், அமைச்சர் தேவபதிராஜர் கம்பளையிலிருந்து மலை வரை ஆறுகளுக்குப் பாலம் போட்டார். உலப்பனையில் ஒன்று, அம்பகமுவையில் ஒன்று என்று மகாவம்சம் ஊர்ப் பெயரோடு சொல்கிறது. மடங்களும் கட்டினார். இன்று கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மஸ்கெலியா பக்கம் பஸ் ஏறுகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே கடப்பது இந்த ஊர்களைத்தான்.

குனகாரில் பயணி கண்டது இரண்டு. ஒன்று, அரசனின் வெள்ளை யானை. விழா நாளில் அதன் நெற்றியில் பெரிய பெரிய மாணிக்கங்களைக் கட்டி அரசன் ஏறி வருவான். உலகெங்கும் சுற்றியும் வேறெங்கும் வெள்ளை யானையைக் கண்டதில்லை என்கிறார்.

மற்றது, ஊருக்கு வெளியே ஒரு பள்ளிவாசல். அதில் ஷீராஸ்காரரான ஷெய்கு உஸ்மான். மலைக்கு வழிகாட்டுவதே அவருக்குத் தொழிலாகவும் தவமாகவும் இருந்தது. அரசனும் ஊராரும் அவரைத் தேடி வந்து மரியாதை செய்வார்கள்.

அவருக்கு ஒரு கையும் ஒரு காலும் இல்லை.

•

மலைக்கு வழிகாட்டுபவரின் காலை எடுத்தது யார்? ஏட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். உஸ்மான் ஒரு பசுவை அறுத்துவிட்டார். அந்த நாட்டுச் சட்டம் அதற்கு மரண தண்டனை வைத்திருந்தது. அல்லது பசுவின் தோலில் வைத்துத் தைத்து எரிக்க வேண்டும். ஆனால் உஸ்மான் மேல் ஊருக்கு இருந்த மதிப்பு பெரிது. கொல்ல மனம் வரவில்லை. கையையும் காலையும் வெட்டி, உயிரை விட்டுவைத்தார்கள். அதோடு ஒரு சந்தையின் வரி வருமானத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரே தீர்ப்பில் கொடுமையும் கருணையும். இதில் யார் பக்கமும் நின்று வழக்காட நான் வரவில்லை. என் கண் நிற்பது வேறிடத்தில். இனி ஒருபோதும் அந்த மலையில் ஏற முடியாது என்று தெரிந்த மனிதர், அந்த மலைக்குப் போகும் வழியை விட்டு நகரவில்லை. அதே ஊரில் இருந்தார். மகன்களையும் அடிமைகளையும் பழக்கினார். அவர் காலுக்குப் பதில் அவர்கள் கால்கள் ஏறின. இலங்கை மலைநாட்டில் வழிகாட்டுவதைக் குடும்பத் தொழிலாகச் செய்தவர்களைப் பற்றி இப்படிப் பெயர் சொல்லும் பழைய ஏடு இதுபோல் வேறொன்றை நான் படித்ததில்லை. இதிலும் தகப்பனுக்குத்தான் பெயர், பிள்ளைகளுக்கு இல்லை.

சிங்கள யாத்திரிகர் கூட்டத்தை 'நடே' என்பார்கள். முன்னே போகிற மூத்தவர் 'நடே குரா'. எத்தனை முறை ஏறியிருக்கிறார் என்பதுதான் அவருக்குப் பட்டம். முதல் முறை ஏறுகிறவன் 'கோடுகாரயா'. நடே குரா சொல்வதைக் கோடுகாரயா கேட்க வேண்டும். இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கக் கூடாது. 1344இன் கோடுகாரயா இப்னு பதூதா. உஸ்மான், கீழே இருந்தபடியே நடே குரா.

அவர் சொன்ன கதை ஒன்று உலகப் புத்தகத்தில் ஏறிவிட்டது. குனகாரைத் தாண்டினால் லூர் நாட்டு மஹ்மூத் என்ற துறவி குடைந்த குகை. அப்பால் குரங்குகளின் நீர்நிலை. கறுத்த உடம்பு, நீண்ட வால், மனிதருக்குப் போலத் தாடி. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது கருமந்தி என்று உடனே புரியும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து இருமுவதுபோல் கத்தும், குழந்தைகள் தாயைக் கட்டிக்கொள்ளும். இந்தக் குரங்குகளுக்கு ஓர் அரசன் உண்டு, தலையில் இலையால் பாகை கட்டி, கோலை ஊன்றி நிற்பான், கையில் தடியோடு நான்கு குரங்குகள் காவல் நிற்கும் என்று உஸ்மானும் அவர் மகனும் சொன்னார்கள். பயணி அதை நம்பினார். மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் பின்னொரு நாள் அவர் வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்ற எழுத்தர் எழுதிக்கொண்டார். கம்பளைப் பக்கத்தில் ஒற்றைக் காலோடு இருந்த ஒருவர் விருந்தாளியைக் குஷிப்படுத்தச் சொன்ன கதை இப்படித்தான் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.

•

மூங்கில் ஆறு. அதன் பிறகு கிழவியின் வீடு என்று ஓரிடம். குடியிருப்பு அதோடு முடிகிறது. இனிச் சோறு தருவதற்கு ஊர் இல்லை. 15 பேர் தோளில் இருப்பதுதான் சோறு. பாபா தாஹிர் குகை. அரசைத் துறந்து தவத்தில் அமர்ந்த சபீக் என்பவனின் குகை.

அங்கேதான் அட்டை.

மலைக்குப் போகும் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி விசாகத்தோடு முடியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் புத்தியுள்ளவர் ஏற மாட்டார். இப்னு பதூதா ஓகஸ்ட் கடைசியில் மாலைதீவை விட்டவர். ஆக, காடு நனைந்து ஊறிக் கிடந்த மாதத்தில்தான் அவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். புல் நுனியிலும் இலையடியிலும் அட்டை எழும்பி நின்று வாடை பிடிக்கும். மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளுங்கள். கணுக்காலில் சவர்க்காரம் தேய்ப்பார்கள், உப்புத் துணி கட்டுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள். அப்படியும் மாலையில் தராசடிக்கு வரும்போது காலில் இரத்தம் ஒழுகிக் காய்ந்திருக்கும்.

1344இல் மருந்து தேசிக்காய். மடியில் வைத்திருப்பார்கள். அட்டை கடித்ததும் மேலே பிழிவார்கள். அது சுருண்டு விழும். கடித்த இடத்தைச் சுரண்டுவதற்கென்றே மரக் கத்தி ஒன்றும் இருக்கும். இரும்புக் கத்தியைவிட மரக் கத்தி தோலுக்கு நல்லது என்பது எத்தனை தலைமுறைக் கால்கள் கண்டுபிடித்த பாடம்! இரத்தம் சிந்திப் படித்ததை முன்பின் தெரியாத விருந்தாளிக்குக் கையில் எடுத்துக் கொடுப்பதுதான் வழிகாட்டியின் வேலை.

அதைக் கேட்காத ஒருவர் கதையும் இருக்கிறது. பாபா கூஸீ என்ற யாத்திரிகர். அட்டைதானே என்று விட்டுவிட்டார், தேசிக்காய் பிழியவில்லை. இரத்தம் வற்றி அங்கேயே இறந்துபோனார். அவர் பெயரால் அங்கொரு குகை. அந்தக் குகையைக் கடக்கும்போது நம் பயணி தேசிக்காயை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஏழு குகைகள். அலெக்சாந்தர் மேடு. பாழடைந்த ஒரு கோட்டை. பெயர்களாகவே வழி நீள்கிறது. ஒவ்வொரு பெயரும் கூட்டத்தில் எவரோ திரும்பிப் பார்த்துச் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது. பிறகு மலை வாசல்.

மேகம் கீழே போய்விட்டது. அடிவாரமே தெரியவில்லை. பசுமை மாறாத மரங்கள், உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள். ஹோர்ட்டன் சமவெளியில் பூக்கும் மஹ ரத்மல் பூவைத்தான் அவர் ரோஜா என்று எண்ணியிருக்க வேண்டும். அதன் இதழில் இறைவன் பெயர் எழுதியிருப்பதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

வாசலுக்கு மேலே வழி இரண்டு. ஒன்று மாமா பாதை. ஹவ்வா அன்னையின் பெயரால். சுலபம். இறங்கும்போது எல்லாரும் அதில்தான் இறங்குவார்கள். ஏறும்போது அதில் போனால் யாத்திரை செய்ததாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். மற்றது பாபா பாதை; ஆதம் பெயரால். கரடு, செங்குத்து.

பாபா பாதையில் அழைத்துப் போனார்கள்.

பல்லக்கை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பதை ஏடு சொல்லவில்லை. ஆனால் பாறையில் வெட்டிய படியில் பல்லக்கு ஏறாது. அரசர் கொடுத்த கொடைகளில் மிகப் பெரியது அந்த இடத்தோடு பயனற்றுப்போயிற்று. இதுவரை பிறர் தோளில் வந்த கால்கள், இனித் தாமே படி தேட வேண்டும். முன்னே போகிற யோகியின் குதிகாலைப் பார்த்து, அது வைத்த இடத்தில் வைக்க வேண்டும்.

பாறையில் இரும்பு முளைகள். முளைகளிலிருந்து தொங்கும் சங்கிலிகள். அரை நூற்றாண்டுக்கு முன் இந்தக் கடல்வழி போன மார்க்கோ போலோவும் இந்த மலையில் சங்கிலிகள் உண்டென்று எழுதியிருக்கிறார். இவற்றைக் காய்ச்சி அடித்த கொல்லர் யார், செங்குத்துப் பாறையில் தொங்கியபடி முளை அறைந்தவர் யார்? அவர்கள் ஏறும்போது பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருந்திருக்காதே.

சங்கிலிகள் மொத்தம் 10. வாசலடியில் இரண்டு. அடுத்தடுத்து ஏழு. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கடந்தார்கள்.

பத்தாவதற்கு ஒரு பெயர் உண்டு. கலிமாச் சங்கிலி. அதைப் பிடித்து நின்று கீழே பார்த்தவனுக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், சாகும் வேளையில் சொல்ல வேண்டிய கலிமா தானாக வாயில் வந்துவிடும்.

தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டபோது செங்கடல் கரையை அவர் பார்த்திருக்கவில்லை. 1344க்குள் அதைக் கடந்து, பாலைவனங்களைத் தாண்டி, இந்துகுஷ் பனியில் ஒட்டகங்கள் அமிழாதிருக்கக் கம்பளம் விரித்து நடந்து, டில்லி சுல்தானின் கோபத்துக்குத் தப்பி, கள்ளிக்கோட்டைக் கடலில் புயல் தன் கப்பலை அடித்து நொறுக்கியதைக் கரையிலிருந்து பார்த்தவர். அத்தனைக்குப் பிறகு, நம் மலைநாட்டு மழையில் நனைந்த ஓர் இரும்புச் சங்கிலி அவர் கையில் இருக்கிறது. கீழே மேகம்.

கடந்தார்.

அதன் பிறகு ஏழு மைல் நடந்து கிள்ர் நபியின் குகை. பக்கத்தில் மீன் நிறைந்த சுனை. அந்த மீனை எவரும் பிடிப்பதில்லை. யாத்திரிகர் தங்கள் மூட்டை முடிச்சுகளை இந்தக் குகையில் இறக்கிவிட வேண்டும். மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் உச்சிக்குப் போய் வர வேண்டும். அதுதான் முறை. புத்தளத்திலிருந்து சுமந்து வந்த தோள்கள் அங்கே முதல் தடவையாக வெறுமையாயின.

உச்சிக்கு இன்னும் இரண்டு மைல். அங்கே ஒரு கரும்பாறை. அதில் பதினொரு சாண் நீளப் பாதச்சுவடு. பெருவிரல் இருந்த இடத்தில் மட்டும் பாறை வெட்டப்பட்டிருக்கிறது. முன்னொரு காலத்தில் சீனர் வந்து அதைப் பெயர்த்துக்கொண்டுபோய்த் தங்கள் நாட்டுக் கோயிலில் வைத்துவிட்டார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

சுவட்டின் பக்கத்தில், பாறையில் குடைந்த ஒன்பது குழிகள். வணங்க வருகிறவர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இட்டுப் போவார்கள். ஆகவே கிள்ர் குகைக்கு வந்து சேர்ந்த பக்கீர்கள் களைப்பாற உட்காருவதில்லை. யார் முதலில் அந்தக் குழிகளை எட்டுவது என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு மேலே ஓடுவார்கள்.

நம் பயணி ஓடிப் போனவர்களுக்குப் பின்னால்தான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். குனிந்து குழிக்குள் கைவிட்டார். அவர் விரலில் தட்டுப்பட்டது என்ன? அதை அவர் தம் மடியில் முடிந்துகொண்டாரா, அல்லது யார் கையிலாவது வைத்தாரா? பெயர் சொல்லப்படாத நம் ஆட்களுக்கு அந்த ஏடு முழுவதிலும் எழுதப்பட்ட ஒரே கூலி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

(தொடரும்)